இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம்

அக்கா கட்டிய தொழிற்சாலையில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. என் பழைய மடிக்கணினியின் திரையில், பெயர் தெரியாத ஏதோ ஒரு கிரகத்தின் பழுப்பு நிலத்தின் மேல் மஞ்சள் பட்டைகள் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் இரும்புத் தகடும் செம்புத் தகடும் வரிசை கலையாமல் போயின. சின்னச் சின்ன இயந்திரக் கைகள் குனிந்து எடுத்து, திரும்பி வைத்தன. எல்லாம் நேர்கோடு, எல்லாம் கச்சிதம். அந்தக் கட்டங்கள் மட்டும் பொட்டலாகக் கிடந்தன, பந்தியில் நடுநடுவே யாரோ வருவார்கள் என்று பிடித்துவைத்த இடம்போல. நான் அப்போது மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தொழிற்கூடத்தில் இடத்தை வீணாக்கக் கூடாது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், தெரியாமல் விட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை நாள் கழித்தும் அந்த நினைப்பை என்னால் லேசாகத் தாண்டிப் போக முடியவில்லை.

இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியின் உற்பத்தித் திட்டப் பிரிவில் வேலை செய்கிறேன். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் ட்ரெயினிகளுக்கு நான் கேம் ஆடுகிறவன் என்று தெரியும். “அண்ணே, உக்காந்தா எந்திரிக்கவே தோணாத மாதிரி ஒரு கேம் சொல்லுங்கண்ணே” என்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்வேன். துப்பாக்கிக்கு இதில் பெரிய வேலை இல்லை. ஆளில்லாத கிரகத்தில் வெறுங்கையோடு இறங்குகிறோம். கல்லை உடைத்து உலை வைக்கிறோம், தாதுவை உருக்கித் தகடாக்குகிறோம், தகட்டிலிருந்து பல்சக்கரம், பல்சக்கரத்திலிருந்து பட்டை, பட்டையிலிருந்து ஒரு தொழிற்சாலை, கடைசியில் ராக்கெட். இவ்வளவுதான் கதை. இதைக் கேட்டதும் போன வாரம் ஒருவன், “காலையில இருந்து ஃபேக்டரி. வூட்டுக்குப் போயும் ஃபேக்டரி கட்டணுமா? ஓவர்டைம் யாருண்ணே குடுப்பா?” என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குப் பாகலூர் வரைக்குமான தூரம் போதாது.

நாங்கள் பாகலூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறவர்கள். இரண்டு பேரும் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்கியதில்லை. அக்கா பத்தாவது தேறியதும் அம்மாவோடு பண்ணைக்குப் போனாள். பதினெட்டு ஆனதும் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு ஒயரிங் கம்பெனியில் சேர்ந்தாள். நான் படித்துக்கொண்டே போனேன். எங்கள் சனத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவள் நின்றதற்கும் நான் போனதற்கும் என்ன சம்பந்தம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்காவும் சொன்னதில்லை. என் கல்லூரி அடையாள அட்டையை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஃபோட்டோல ஏன்டா திருடன் மாதிரி இருக்க” என்றாள். அவ்வளவுதான்.

வண்டிகளுக்குள் நரம்புபோல ஓடுகிற ஒயர்க்கட்டுகளைச் செய்யும் கம்பெனி அது. பதினொரு பெண்கள் சேர்ந்தது ஒரு லைன். ஒவ்வொருத்திக்கும் இத்தனை ஒயர் என்று கணக்கு. பிளாஸ்டிக் கனெக்டரின் ஓட்டையில் ஒயரைச் செருகி, ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டதும் லேசாக இழுத்துப் பார்த்து, அடுத்தவளிடம் தள்ள வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒன்று. லைனின் கடைசியில் சோதனைப் பலகை. பச்சை விளக்கு எரிந்தால் ஓகே. பஸ்ஸர் கத்தினால் என்ஜி, அதாவது தேறாதது. அக்கா ஏழாம் நம்பர். வீட்டில் தோசை பிய்ந்தாலும் என்ஜி, நான் வாங்கி வந்த கத்தரிக்காயில் புழு இருந்தாலும் என்ஜி, பெண் பார்க்க வந்து போன ஒரு மாப்பிள்ளையும் என்ஜி. அவள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது எங்களுக்கு ஒரு சின்னக் கொண்டாட்டம் இருந்தது. காலையில் அவள் எடுத்துப் போகிற ஒரு லிட்டர் பாட்டில் மாலையில் நிறையத் தண்ணீரோடு திரும்பி வரும். “கம்பெனி ஃபில்டர் தண்ணி, புடிச்சிக்கினு வந்திருக்கா” என்று அம்மா அதை மூன்று டம்ளரில் ஊற்றுவாள். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. அப்பா கம்பெனித் தண்ணீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, “சக்கர போட்ட மாதிரி கீது” என்பார்.

அந்த வருடக் கோடையில் அக்கா காய்ச்சலில் விழுந்தாள். குளிர் தூக்கிப் போட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். ஓசூரில் டாக்டர் அவளிடம் தனியாகப் பேசினார், ஊசி போட்டார், ஐந்து வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்றார். வெளியே வந்தவள் எங்களிடம், “சூடு ஏறிப்போச்சாம், தண்ணி நெறைய குடிக்கச் சொன்னாரு” என்று மட்டும் சொன்னாள். அம்மா வெந்தயத்தை ஊறப்போட்டாள். மூன்றாம் நாள், அக்கா எழுந்து உட்கார்ந்த பிறகு, அம்மா தீர்மானமாகச் சொன்னாள்: “இன்னொரு வாட்டி இப்டி படுத்தன்னா கம்பெனி வேணாம். என்கூட பூவு வெட்ட வந்துடு.” அக்காவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பண்ணைக்குத் திரும்புவதை அவள் நினைத்தும் பார்க்க விரும்பவில்லை. கம்பெனி பஸ், நீலக் கோட், பத்துத் தோழிகள், கழுத்தில் தன் பெயர் போட்ட அட்டை. ஊருக்குள் அவளை யாருடைய மகள் என்று கேட்காமல் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

எனக்கு செமஸ்டர் விடுமுறை. பகலெல்லாம் நானும் அக்காவும்தான் வீட்டில். அவளுக்குப் பொழுதுபோகட்டும் என்று என் மடிக்கணினியைத் தந்தேன். முதலில் கொடுத்தது ஒரு விவசாய கேம். அழகான கேம்தான், இப்போதும் சிலருக்குச் சொல்வேன். விதை போடலாம், தண்ணீர் விடலாம், கோழி வளர்க்கலாம், ஊர்க்காரர்களுக்குக் காய் கொண்டுபோய்க் கொடுத்துச் சிநேகமாகலாம். ஞாயிற்றுக்கிழமை அப்பா தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். “வாரம் பூரா தண்ணி வுட்டுட்டு வந்து, லீவுலயும் தண்ணி வுடணுமா? அந்தக் கருமத்த மூடி வை” என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம்தான், பெரிதாக எதுவும் யோசிக்காமல், கல்லூரி நண்பன் எனக்குப் பரிசாக வாங்கித் தந்திருந்த தொழிற்சாலை கேமைத் திறந்து காட்டினேன். ஆங்கில எழுத்துகளை அவள் படிக்கவில்லை, படங்களைப் பார்த்தாள். அரைமணி நேரத்தில் செம்புத் தகட்டிலிருந்து ஒயர் இழுக்கிற இடம் வந்தது. “டேய், இங்கயும் ஒயரா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம் கணினி என் கைக்கு வரவே இல்லை.

இந்த கேமின் பிடி எப்படிப்பட்டது என்று ஆடாதவர்களுக்குச் சொல்லப் பார்க்கிறேன். ஒரு குறையைச் சரிசெய்வோம். அது சரியானதும் அடுத்த குறை கண்ணில் படும். இரும்பு போதவில்லை என்று இன்னொரு சுரங்கம் வைத்தால் மின்சாரம் போதாது. மின்சாரத்தைக் கூட்டினால் கரி போதாது. ஒவ்வொன்றும் நம் கைக்கு எட்டுகிற குறையாகவே இருக்கும். ‘இதை மட்டும் முடிச்சிட்டு எழுந்துடலாம்’ என்றே தோன்றும். வெளியே வாழ்க்கையில் இப்படி அமைவதில்லை. அங்கே குறை நமக்குத் தெரியும், சரிசெய்கிற இடம் வேறு யாரிடமோ இருக்கும். இதன் பின்விளைவையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த வருடம் எனக்கு ஒரு பாடத்தில் அரியர் விழுந்தது இந்த கேமால்தான். அக்கா இரண்டு முறை சோற்றைத் தீயவிட்டாள். அம்மா கரிந்த குண்டானைத் தேய்த்துக்கொண்டே, “ஒரு சீக்கு போயி இன்னொரு சீக்கு வந்துடுச்சி” என்றாள்.

ஆனால் அக்கா ஆடியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஒருநாள் திரையைச் சுருக்கி, தன் தொழிற்சாலை முழுவதையும் மேலேயிருந்து தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு வெகுநேரம் எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கேம் நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். “ஒண்ணுமில்லடா. நாலு வருஷமா லைன்ல இருக்கறேன். எட்டாம் நம்பர் என்னா பண்றான்னுகூட சரியாத் தெரியாது. குனிஞ்ச தல நிமிர்றதில்ல. மேல இருந்து பாத்தா இப்டித்தான் இருக்கும்ல?” என்றாள். தன் லைனைத்தான் அவள் அந்த கிரகத்தில் கட்டிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பதினொரு இயந்திரங்களை ஒரே வரிசையில் வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் இருந்தது. அதில் மூன்றாம் நம்பர், சர்க்கரை நோயுள்ள, எல்லோரிலும் மூத்த ஒரு அக்கா என்று எனக்குச் சொல்லியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்தக் காலிக் கட்டமும் இருந்தது.

மறுநாள் மதியம் மாத்திரை போட்டுக்கொண்டு அவள் தூங்கிய நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். காலிக் கட்டங்களை எல்லாம் அடைத்தேன். இயந்திரங்களை நெருக்கி வைத்து, மிச்சமான இடத்தில் இன்னும் ஐந்தைச் சேர்த்தேன். உற்பத்தியைக் காட்டும் கோடு சரசரவென்று ஏறியது. எழுந்து வந்தவளிடம் பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

“பாருக்கா. உன் லைன்தான். இப்ப ஒண்ணரைப் பங்கு வருது. நீ எடத்த வீணா வுட்டிருந்த.”

அவள் நின்றபடியே பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்க்கவில்லை, கோபப்படவும் இல்லை. விரலால் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் தடவிக்கொண்டு போனாள்.

“நல்லாதான் இருக்கு. இதுல யாரு ஒண்ணுக்குப் போவா?”

“என்னாக்கா?”

“ரிலீவர் வந்து நிக்கறதுக்கு எடம் வேணாமா? அதுக்குத்தான்டா வுட்டு வெச்சேன்.”

“மெஷினுக்கு எதுக்குக்கா ரிலீவர்? மெஷின் ஒண்ணுக்குப் போவுமா?” என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தாமல், ஒயரைச் செருகுகிற மாதிரி முந்தானை நுனியை விரலிடுக்கில் செருகிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். எழுந்து போகிறவளின் இடத்தில் நின்று வேலை பார்க்க நாலு லைனுக்கு ஒரே ஒரு ரிலீவர். போக வேண்டுமென்றால் கை தூக்க வேண்டும். லைன் லீடர் பார்க்க வேண்டும். ரிலீவர் வேறு லைனில் இல்லாமல் இருக்க வேண்டும். அவள் வராமல் எழுந்து போனால் அதோடு லைன் நின்றுவிடும். “யாரும் திட்ட மாட்டாங்கடா. அதான் கஷ்டம். பத்துப் பேரும் கையக் கட்டிக்கினு என்னையே பாப்பாங்க. எதுக்குப் போயிருக்கேன்னு அந்த ஷெட்டுல இருக்கற ஆம்பளைங்க வரைக்கும் தெரியும். அதுக்கு தண்ணியே குடிக்காம இருந்துட்டா ஒண்ணுமில்ல பாரு.”

எனக்குச் சட்டென்று எதுவும் பிடிபடவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டேன்: “அப்ப அந்த பாட்டில்?”

“காலையில நம்ம போர்ல புடிச்ச தண்ணிதான்டா. அப்டியே திரும்பி வரும். நீங்கல்லாம் கம்பெனித் தண்ணின்னு சந்தோஷமா குடிச்சீங்க. எப்டிச் சொல்றது?”

மூக்கண்டப்பள்ளி வரை போய்வந்த எங்கள் வீட்டு உப்புத் தண்ணீரைத்தான் அப்பா சக்கரை என்று குடித்திருக்கிறார். அது சூட்டுக் காய்ச்சல் அல்ல, சிறுநீரகத்தில் கிருமி என்று டாக்டர் சொன்னதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். தம்பியிடம் சொல்கிற விஷயமா அது? கேமில் நான் ஐந்து இயந்திரங்களை அதிகமாகச் சொருகாமல் இருந்திருந்தால் என்னிடம் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் அடைத்ததை எல்லாம் பிரித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கட்டம் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்படிப் பிரிக்கும்போது அவசரத்தில் ஒரு தப்பு நடந்தது. பொருள்களைப் போட்டுவைக்கிற ஒரு மரப்பெட்டியை நாலாவது இயந்திரத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் வைத்துவிட்டேன். நாலாவது செய்தது எல்லாம் பெட்டியில் சேர்ந்தது. ஐந்தாவது பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டது. பெட்டியை எடுக்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்தாள். “இரு இரு. நாலாம் நம்பருக்குக் கரன்ட்டப் புடுங்கு.” மின்கம்பியை எடுத்தேன். நாலாவது நின்றது. ஐந்தாவது நிற்கவில்லை. பெட்டியில் இருந்ததை எடுத்து எடுத்து வேலை செய்துகொண்டே இருந்தது. லைனின் கடைசியில் பொருள் வந்துகொண்டே இருந்தது. அக்கா வாயைத் திறந்தபடி பார்த்தாள். இந்த விஷயத்துக்குப் பாடப் புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு. நான் அதற்கு இரண்டு மதிப்பெண் பதிலே எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஒரு மனுஷியின் முகம்கூட எனக்கு ஞாபகம் வந்ததில்லை.

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை ஆராய்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். காலிக் கட்டங்களில் எல்லாம் பெட்டிகள் வந்தன. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒவ்வோர் இயந்திரமாகக் கரன்ட்டைப் பிடுங்குவாள். ஷெட்டிலிருந்து கழிவறைக்கு நடக்க, காத்திருக்க, திரும்பி நடக்க ஆறு நிமிடம். ஆறு நிமிடத்துக்குப் பெட்டியில் பன்னிரண்டு பொருள் வேண்டும். திரும்பி வந்த இயந்திரம் கொஞ்சம் வேகமாக ஓடினால் பெட்டி மறுபடி நிறைகிறதா, ஒரே நேரத்தில் இரண்டு போனால் என்ன ஆகிறது என்றெல்லாம் பார்த்தாள். இரண்டு பேர் அடுத்தடுத்த இடத்திலிருந்து போகக் கூடாது என்று கண்டுபிடித்தாள். நான் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன்.

“எழுதிக்கோ. மூணாம் நம்பர் ஒண்ணுக்குப் போயிருக்கு.”

“போயிருக்கு.”

“அய்யய்யோ, இன்னும் வரல. வழியில யார்கிட்டயோ கத பேசுது போல.”

வேலை முடிந்து உள்ளே வந்த அம்மாவின் காதில் இது விழுந்தது. “என்னாடி பேச்சு இது, பையனப் பக்கத்துல வெச்சிக்கினு?” என்று அதட்டினாள். அக்கா அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டிலையும் சொன்னாள். அம்மா பண்ணையில் முள் கீறிய தன் கைகளைத் தடவிக்கொண்டே கேட்டாள். பிறகு, “நாளைக்கே போயி வேலைய வுட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வா” என்றாள். “ஒரே ஒரு வாரம் குடும்மா. ஆவலன்னா நானே நின்னுக்கறேன்” என்று அக்கா கேட்டாள். அவள் எதையாவது கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா சரி என்று சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

கம்பெனியில் யோசனைப் படிவம் என்று ஒன்று உண்டு. வேலையை எப்படி மேம்படுத்தலாம் என்று யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். கிராஃப் தாளில் நான் லைனை வரைந்தேன். இரண்டு பேருக்கு நடுவில் ஒரு தட்டு, தட்டில் பன்னிரண்டு கனெக்டர். அக்கா அதை மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். சூப்பர்வைசர் ஆனேக்கல் பக்கத்துக்காரர், கன்னடம் பேசுகிறவர். தாளைப் பார்த்துவிட்டு, லைனில் பொருளைத் தேக்கிவைக்கக் கூடாது என்பதுதான் விதி, இதற்கு என்ன அவசியம் என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்குத் தமிழில் வாய் வரவில்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் கன்னடம் தெரியும். ஆனால் அது சந்தையில் பேச, பஸ்ஸில் இடம் கேட்கப் பயன்பட்ட பாஷை. அம்மா அதட்டிய பாஷை அது இல்லை. அதனால்தானோ என்னவோ அதில் கூச்சம் கொஞ்சம் குறைவாக இருந்தது. “ஹெண்மக்களு நீரே குடியல்லா சார்” என்று சொல்லிவிட்டாள். பெண்கள் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை என்று. அவர் கையிலிருந்த பேனாவை மூடினாராம். இதை எங்கே ஓட்டிப் பார்த்தாய் என்று அப்புறம் கேட்டாராம். கேமில் என்று இவள் சொன்னதும் லைன் லீடர் பக்கென்று சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. தன் மகனும் எந்நேரமும் ஏதோ கேம்தான் ஆடுகிறான், அதன் பெயரைத் தாளின் பின்னால் எழுதிக் கொடு என்று கேட்டிருக்கிறார். ஒரு வாரம், ஒரே ஒரு லைனில், சோதனைக்கு அனுமதி தந்தார். ஷிஃப்ட் முடிவில் எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் தட்டுகளை எடுத்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார்.

தட்டுகள் வந்த முதல் நாள் நான் பாகலூர் பஸ் நிறுத்தத்திலேயே போய் நின்றேன். நீலக் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அக்கா இறங்கினாள். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. “என்னாக்கா ஆச்சு? எண்ணிக்கை கொறஞ்சிடுச்சா?” என்றேன். அவள் விறுவிறுவென்று நடந்தாள். முட்டைக்கோஸ் லாரி ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது. அது எழுப்பிய தூசி அடங்கிய பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

“காலையில தட்டெல்லாம் ரொம்பிடுச்சிடா. பன்னெண்டு பன்னெண்டு. அழகா இருந்துச்சி. ஒருத்தியும் எந்திரிக்கல.”

“ஏன்?”

“ஏன்னா? நாலு வருஷமா ஒக்காந்து பழகுன ஒடம்பு. கேம்ல நாம கரன்ட்டப் புடுங்குனோம், அது நின்னுச்சி. இங்க யாரு புடுங்குவா? மூணாம் நம்பர் அக்கா என்னப் பாக்குது, நான் அதப் பாக்கறேன். அது கண்ணெல்லாம் தண்ணி முட்டிக்கினு நிக்குது, எந்திரிக்க மாட்டேங்குது. எல்லாத்தையும் யோசிச்சோம்டா, இத யோசிக்கல பாரு.”

நாங்கள் குறித்த கணக்குப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஆறு நிமிடம் இருந்தது, பன்னிரண்டு இருந்தது. முதலில் யார் என்பது இல்லை.

“அப்புறம்?”

“அப்புறம் என்னா, நான்தான எழுதிக் குடுத்தது. எந்திரிச்சேன். கை தூக்கல, யாரையும் கேக்கல. ஷெட்டு அந்தக் கடேசி வரைக்கும் நடக்கணும்டா. அம்மாடி, எவ்ளோ தூரம் அது! எல்லாக் கண்ணும் முதுவுல ஒட்டிக்கினு வருது. காதத் தீட்டிக்கினே போறேன், லைன் நின்னா சத்தம் மாறும். மாறல. உள்ள போயும் காதத்தான் தீட்டிக்கினு இருந்தேன்.”

அவள் நின்றாள். எங்கள் சந்துக்கு இன்னும் நாலு வீடு இருந்தது. சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் கோட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது.

“எண்ணிக்கைல ஒண்ணுகூட கொறையலடா. எனக்கப்புறம் மூணாம் நம்பரு. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தியா. எட்டுப் பேரு போயிட்டு வந்தோம், எட்டுப் பேரு! ஆனா அதெல்லாம் அப்புறம். மொத வாட்டி நான் திரும்பி வரேன், பயந்துக்கினே எட்டாம் நம்பர் பக்கத்துல இருக்கற தட்டப் பாக்கறேன். தட்டுல இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு.”